மெசின் ஓடிக்கொண்டிருந்தது

இன்று காலை உம்முடைய தையல் அறையைத் திறந்தேன். மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த அறைக்குள்ளிருந்து மெசின் எண்ணெயின் மணம் முகத்தில் அடித்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். நேற்றும் கனடாவிலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, அம்மா தைச்ச போர்வையை எப்ப அனுப்புவியள்?" பேத்தி பிறந்து நாற்பது நாளாகிவிட்டது. இனியும் சாட்டுச் சொல்ல முடியாது.

நீர் விட்டுப்போனபடியே போர்வை சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கிடந்தது. உம்முடைய பழைய சேலைகளை வெட்டிப் பொருத்தி, நடுவில் பஞ்சு வைத்தது. அடியில் இரண்டு வரிசைதான் மிச்சம்.

உமக்கு முதுகு நோகிறதென்று இந்தத் தானியங்கி ஏற்பாட்டை வாங்கியது நான்தான். வீட்டு மெசினைச் சட்டத்தின் மேலுள்ள தண்டவாளத்தில் ஏற்றி, திரையில் பூ வடிவைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினால் அது தானாகவே ஓடித் தைக்கும். முதல்நாள், "உது தைக்கட்டும், நான் ஆறுதலாத் தேத்தண்ணி குடிக்கிறன்" என்று சிரித்தீர். எனக்கு எவ்வளவு பெருமை!

மூன்று மாதத்துக்கு முந்திய அந்தப் பின்னேரம் பின்வாசலில் வந்து நின்று, "இஞ்சருங்கோ, நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றீர். நான் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாய்வாயிருக்கும். நாளைக்குப் பார்சல் போடவேணுமெல்லே. அதை முடிச்சிட்டுப் படுமன்."

"ஓம்" என்று உள்ளே போனீர்.

கொஞ்ச நேரத்தில் மெசின் சத்தம் கேட்டது. தைக்கிறீர், சுகமாயிருக்கிறீர் என்று நினைத்தேன். பழைய மெசினென்றால் உம்முடைய கால் ஓய்ந்ததும் அதுவும் நின்றிருக்கும். நான் ஓடி வந்திருப்பேன். இது நிற்கவில்லை. வரிசை முடிந்ததும், துணியை நகர்த்தச் சொல்லிக் கூவியது. நீர் நகர்த்துவீர் என்று அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினேன். கூவல் ஓயாதபோதுதான் வந்தேன். கதிரையில் சாய்ந்திருந்தீர். தோளைப் பிடித்து உலுக்கினேன். கை குளிர்ந்திருந்தது. முன்னால், நீர் பார்க்காத ஒரு வரிசை பிழையில்லாமல் தைபட்டுக் கிடந்தது.

மிச்ச வரிசைகளை இன்று நானே ஓட்டினேன். சத்தம் கேட்டதும் இரண்டுதரம் நிற்பாட்டினேன். பிறகு உம்முடைய கதிரையில் அமர்ந்து, முடியும்வரை எழும்பவில்லை. போர்வையை மடித்தபோது எந்த வரிசை அதுவென்று கை தானாகத் தடவியது.

மகளுக்கு அழைப்பெடுத்து, போர்வை முடிந்ததென்று சொன்னேன். வயிற்றுப் பிள்ளையோடு உம்முடைய செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவள், இதுவரை கேட்காததை இன்று கேட்டாள்.

"அப்பா, அம்மா கடைசியிலை கஷ்டப்பட்டவாவோ? நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

அவள் நெடுநேரம் அழுதாள். பிறகு, "அது காணும் அப்பா" என்றாள்.

அவளுக்கு ஒரு பொய் போதுமாயிருந்தது. எனக்குத்தான் போதவில்லை. நீர் என்னைக் கூப்பிட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. தினமும் இதைத்தான் உம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: கூப்பிட்டீரா?