நீங்கள் சொல்லிவிட்டுப் போன நர்ஸ்

தீவு முழுவதற்கும் உத்தரவு போட்டுவிட்டு, வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருந்த என் துரைக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்கதோஷம். நான் சௌக்கியமாக இல்லை, களைத்துப்போயிருக்கிறேன். பங்களாவைக் காலி செய்து கொடுத்துவிட்டு இங்கே போர்ட் பிளேயரிலேயே லம்பா லைனில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். பெரியவன் மெட்ராஸிலிருந்து கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறான். "இனிமே அங்க உனக்கு என்னம்மா இருக்கு?" என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான்.

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவேன் என்று மற்ற உத்தியோகஸ்தர்களை மிரட்டுவார்கள். உங்களைத் தண்ணிக்கு நடுவிலேயே தூக்கிப் போட்டார்கள். சப் கலெக்டர், கலெக்டர், செக்ரெட்டேரியட் என்று ஏறிக்கொண்டிருந்தவர், மந்திரி ஒருவருக்குத் தலையாட்ட மறுத்ததால் அந்தமானுக்கு வந்தீர்கள். கவர்னருக்குள்ள அதிகாரம் அத்தனையும் இங்கே உங்களுக்கு உண்டு, பேர்தான் சீஃப் கமிஷனர். என் அண்ணா அதை மாப்பிள்ளைக்குக் கிடைத்த ஜெயில் தண்டனை என்றார். நீங்களோ மெயின்லேண்டிலிருந்து குடியேற வந்த ஜனங்களைப் பார்க்கக் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய், மழையில் நனைந்துகொண்டே, இந்தக் குடும்பத்துக்கு எந்தத் தீவு, யாருக்கு எவ்வளவு நிலம் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். ராத்திரி நான் தலை துவட்டிவிட்டேன். அப்படியே போயிருக்கக்கூடாதா நமக்கு?

உங்கள் ஈமக்காரியம் முடிந்ததும் நான் லாங் ஐலண்டுக்குப் போனேன். அங்கே வயர்லெஸ் கெட்டுக் கிடந்ததால் யாருக்கும் தகவல் தெரியாது. மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிய வேண்டாம், நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் சுற்றுப்பயணம் போகும் அதே லாஞ்ச். அதை ஓட்டும் சேராங் பாய் துக்கத்துக்காகக் கொடியைப் பாதிக் கம்பத்தில் பறக்கவிட்டிருந்தார்.

உங்கள் லாஞ்ச் தூரத்தில் தெரிந்தால் அந்த ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா? மரம் அறுக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து ஜெட்டியில் தென்னோலைத் தோரணம் கட்டும். அன்றைக்கும் கட்டியிருந்தார்கள். மேளம் வேறு. கரை சேர்ந்ததும் ஒரு ஆள் லாஞ்சுக்குள் குதித்தான்.

"க்யா சேராங் பாய், கொடி பாதியில மாட்டிக்கிட்டு நிக்குது, தேக்கா நஹி, பாக்கலையா?" என்று சிரித்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து உச்சிக்கு ஏற்றிவிட்டான். ஜனங்கள் கைதட்டினார்கள். சேராங் பாய் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

கடல்காற்றுக்காக முந்தானையை நெற்றிவரை இழுத்துப் போர்த்தியிருந்தேன். ராஜம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். நினைவிருக்கிறதா, போன மழைக்காலத்தில் பிரசவ வலியோடு படகில் ஏற்றி, போர்ட் பிளேயர் போய்ச் சேருமுன்னே செத்துப்போன பெண்ணின் தங்கை? இப்போது இவளும் பிள்ளைத்தாய்ச்சி.

"மேம்ஸாப் முன்னாடி வந்துட்டாங்க, ஸாப் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டபடியே எனக்குக் குங்குமம் வைக்க முந்தானையை விலக்கினாள். அவள் விரல் அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, என் அம்மா!" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். மேளம் நின்றது. கொடியை ஏற்றியவன் தலையில் அடித்துக்கொண்டு போய் அவனே அதை இறக்கினான்.

எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு ராஜம்மா கேட்டாள், "அப்போ நர்ஸம்மா வராதாம்மா?"

எனக்கு எப்படிக் கோபம் வந்தது தெரியுமா! என் தாலி போய்விட்டது, இவளுக்கு நர்ஸ் ஒரு கேடா என்று வந்தது. பிறகு அவள் வயிற்றைப் பார்த்தேன். அக்காவைப் புதைத்த அன்று இதே ஜெட்டியில் நின்று, "அடுத்த மழைக்குள்ள நர்ஸ் இங்க குடியிருப்பாங்க, நான் சொல்றேன்" என்று சொன்னது நீங்கள்தானே? அவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

அதனால் புது சீஃப் கமிஷனரைப் பார்க்கப் போனேன். எனக்குக் கார்க் கதவு திறந்துவிட்டுப் பழகிய பியூன், "உள்ள வந்து உக்காருங்கம்மா" என்று பதறினான். வேண்டாம் என்று எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி மனுக் கொடுக்க வந்திருந்தவர்களோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். இடுப்பு கழன்றது. புதியவர் நல்ல மனுஷர்தான். பென்ஷன் விஷயமாக வந்தேன் என்று நினைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும், "அது அவர் தனிப்பட்ட முறையில் சொன்னது, மேடம். டில்லி இன்னும் சம்மதிக்கவில்லையே" என்றார்.

மறுபடி போனேன். அதே பதில். அதற்குப் பிறகும் போனேன். "இந்தம்மாவுக்கு வேற வேலையில்ல" என்று ஒரு குமாஸ்தா சொன்னது காதில் விழுந்தது. உண்மையில் வேறு வேலை இல்லைதான். மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது, ராஜம்மாவுக்கு மாதம் நெருங்குகிறது. எனக்கோ படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஏன் இப்படி என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள்?

சர்க்கார் கொடுக்கும் வாக்கு என்று நினைத்துத்தான் கொடுத்தீர்கள். ஆள் போனதும் அது உங்கள் சொந்த வாக்காகிவிட்டதாம். சரி, அப்படியே இருக்கட்டும். உங்களுடைய சொந்தம் என்றால் உங்களுக்குப் பிறகு அது எனக்குத்தானே? பெரியவன் அனுப்பிய டிக்கெட்டை இன்று காலை கப்பல் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடியும் அந்த பெஞ்சுக்குப் போகிறேன். ராஜம்மாவுக்கு வலி எடுப்பதற்குள் லாங் ஐலண்டில் ஒரு நர்ஸைக் கொண்டுபோய் இறக்குவேன். அதுவரை எந்தக் கப்பலும் ஏறமாட்டேன், இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் வாக்குக்கு வாரிசாகிப்போன
உங்கள் மனைவி