முந்தாநாள் தண்ணீர்

ஏப்ரல் 2, புதன்
தண்ணீர் வந்தது. வழக்கம்போல முந்தாநாள் பிடித்து வைத்ததைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு டிரம், அண்டா, குடம் எல்லாவற்றிலும் புதிதாகப் பிடித்தேன். தெருவே அப்படித்தான்.

ஆர்த்தி இன்றைக்கும் அதையே சொன்னாள்: "நா அங்க போவ மாட்டேம்மா." ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து என்னிடம் இருக்கிறாள். வைகாசியில் பேத்தியோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். இதே ஊர்தான், ஏரிக்கரைத் தெரு. அங்கே குழாயில் காற்றுதான் வருகிறது. வயிற்றுப் பிள்ளையோடு அடிபம்பில் அடித்துக் குடம் தூக்கியவள். கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்
குடிநீர் ஆபீஸ் இன்ஜினியர் முத்துவேல் எங்கள் மகளிர் குழுவைக் கூப்பிட்டிருந்தார். டேங்க்கிலிருந்து ஒரே குழாய். முதலில் எங்கள் தெரு, கடைசியில் ஏரிக்கரைத் தெரு. "நீங்க கீழ கொட்டுறது மிஞ்சினாலே அங்க போய்ச் சேந்துடும்ங்க. நாங்க நோட்டீஸ் ஒட்டினா யாரு படிக்கறா? வூடு வூடா நீங்க சொல்லுங்க."

குழுத் தலைவி என்ற முறையில் சரி என்றேன். வீட்டுக்கு வந்து டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகளுக்குப் போக வேண்டியதையா நான் சாக்கடையில்—

ஏப்ரல் 10, வியாழன்
கொட்டவில்லை. கை துறுதுறுத்தது.

ஏப்ரல் 17, வியாழன்
ஒரு வீடுகூட மசியவில்லை. பழசில் புழு வைக்குமாம். சாமிக்குப் பழைய தண்ணீர் ஆகாதாம். எதிர்வீட்டு ஜோதி, "ஆபீசுல சொன்னா நீ தலையாட்டுவியா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். போங்கடி என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு
முத்துவேல் சாரும் சுகாதார நிலைய நர்ஸ் கவிதாவும் தெருவுக்கு வந்தார்கள். மூடி வைத்த முந்தாநாள் தண்ணீர் ஒரு டம்ளர், காலையில் வந்தது ஒரு டம்ளர். எது பழசு, குடித்துச் சொல்லுங்கள் என்றார் கவிதா. ஜோதிதான் முன்னால் வந்தாள். இரண்டையும் குடித்து முகத்தைச் சுளித்தாள். "இதுதாங்க பழசு. வாடை கொடலப் பொரட்டுது."

அதுதான் காலையில் வந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை! தெருவே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஜோதிக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லாம் ஒம் மவ வூட்டுக்குத் தண்ணி போவணும்னுதானே? ஊருக்காவவா செய்யற?"

"ஆமா, எம் மவளுக்காவத்தான்! வயித்துப் புள்ளையோட கொடம் தூக்குனாடி அவ. ஒம் மவளா இருந்தா நீ சும்மா இருப்பியா?"

அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். இனிமேல் எந்த முகத்தோடு வீடு வீடாகப் போவது?

ஏப்ரல் 22, செவ்வாய்
தண்ணீர் வந்தது. ஜோதி டிரம்மைக் கவிழ்க்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மே 6, செவ்வாய்
மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, நூலாட்டம் வருது. ரெண்டு கொடம் புடிச்சேன்." எங்கள் தெருவில் பாதி வீடு பழைய தண்ணீரைக் கொட்டாமல் துணியால் வேடுகட்டி மூட ஆரம்பித்திருக்கிறது. மீதிப் பாதியை ஜோதியே போய் அதட்டுகிறாளாம், கவிதா சொன்னார். ஆச்சரியமாக இருந்தது.

மே 26, திங்கள்
ஆர்த்தியை அனுப்பி வைத்தோம். அரை மனசாகத்தான் போனாள். "தண்ணி நின்னா மறுநாளே வந்துருவேன்" என்று மாப்பிள்ளை எதிரிலேயே சொன்னாள். ஜோதி வந்து குழந்தை கன்னத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

ஜூன் 11, புதன்
காலையில் ஆர்த்திக்குப் போன் போட்டேன். என்னடி செய்கிறாய் என்றேன்.

"தண்ணி வந்துருச்சும்மா. பழசக் கீழ ஊத்திட்டு டிரம்மு கழுவுறேன்."

அடிப்பாவி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திட்ட முடியவில்லை. கொட்டுகிற அளவுக்கு அவளிடம் தண்ணீர் இருக்கிறது! அழுகை முட்டியது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுவோடு ஏரிக்கரைத் தெருவுக்குப் போகிறோம். முதல் வீடு என் மகள் வீடுதான்.