மற்றப் பாதி மணித்தியாலம் எங்கே போகும்

லவால்,
கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு

வான மண்டலத்தின் மகாராணியும் எங்கள் குடும்பத்தின் ஒரேயொரு விமானியுமான அன்பு மகள் அனோஜினிக்கு, சித்தப்பா அருமைநாதன் எழுதிக்கொள்வது.

நாங்கள் எல்லோரும் அந்தோனியாரின் தயவில் முழங்கால் வலி, சளி, ஹைட்ரோக்காரனின் கரண்ட் பில் ஆகிய மூன்றையும் தாங்கிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். நீயும் அந்த யெலோநைஃபில், விட்ட மூச்சு உறைந்து விழுந்து கால் பெருவிரலை நசுக்குமாம் என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிகிற அந்த ஊரில், சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் சித்தப்பா சுருக்கிச் சொல்லுங்கோ என்று நடுவில் வெட்டுவாய். காகிதத்தை வெட்டேலாது பார்.

நீ என் தலையில் கட்டிய அலுவலை முடித்துவிட்டேன். எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல முதல் என் பக்க நியாயத்தைச் சொல்ல வேண்டும். பெரிய லைசன்சுக்கு ஆயிரத்தைந்நூறு மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும், அது கையில் இருந்தால் தை மாதம் மொன்றியலில் வேலை தருவினம் என்று நீ சொன்ன நாளில் இருந்து நானும் இங்கே இருந்து கணக்குப் பார்த்து வந்தேன். நீ வீட்டுக் கதவைப் பூட்டுகிற நேரத்தில் என் கணக்குத் தொடங்கும், திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது முடியும். அந்த வடக்குத் தீவில் பனிப்புகாரில் அகப்பட்டு மூன்று நாள் ஹோட்டலில் படுத்துக் கிடந்தாயே, அதையும் இராப்பகலாகச் சேர்த்தேன், ஏனென்றால் நீ அங்கே போனது பறக்கத்தானே, நித்திரை கொள்ள இல்லையே. அந்தக் கணக்கில் நீ ஆவணி மாதமே ஆயிரத்தைந்நூறைத் தாண்டி, சந்திரனுக்குப் போய்த் திரும்பி வருகிற வழியில் நின்றாய். அதைக் கோயில் வாசலில் அல்போன்சம்மா அக்காவிடம் சொன்னேன். பங்கிலே ஞானஸ்நானம் தொடக்கம் செத்தவீடு வரைக்கும் எல்லா விழாவுக்கும் அவதான் ராணுவத் தளபதி என்பது உனக்குத் தெரியும். பூசை முடிய முதலே, பாலன் பிறக்கிற நத்தாருக்கு முந்தின சனிக்கிழமைக்கு மண்டபம் பதிவாகிவிட்டது, ரோல்சுக்கும் ஆட்டிறைச்சிக்கும் சொல்லியாகிவிட்டது, உன் படம் போட்ட பதாகை ஒன்றும் அடித்தாகிவிட்டது, அதன் அகலத்துக்கு அதில் ஒரு பிளேனே வந்து இறங்கலாம். என் கணக்குப் பிழை என்று நீ அப்போதே சிரித்தாய், ஆனால் நத்தாருக்குள் உண்மையாகவே வந்துவிடும் சித்தப்பா என்றும் சொன்னாய். அந்த ஒரு சொல்லில்தான் மண்டபம் இவ்வளவு நாளும் நின்றது.

பிறகுதான் போன கிழமை நீ போன் எடுத்துச் சொன்னது. பிளேன் பறக்கவென்று தன் சொந்த எஞ்சின் பலத்தில் அசைகிற நேரத்தில் கணக்குத் தொடங்குமாம், இறங்கி ஓடி நின்றதும் முடியுமாம், ஆறு நிமிஷம் சேர்ந்தால் மணித்தியாலத்தில் தசம் ஒன்றாம். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு சாமான் ஏற்றுகிற நேரம் இல்லை, வண்டியில் கட்டி இழுக்கிற நேரம் இல்லை, தரையில் நிற்கிற பயிற்சிப் பெட்டிக்குள் இருந்து பறந்தது வேறு நிரலாம். இவ்வளவையும் நீ சரியாகத்தான் எழுதி வந்திருக்கிறாய். பிழைத்தது கூட்டலில். ஒரு விமானியே போதுமான பிளேனில் இரண்டாவது ஆசனத்தில் இருந்த நேரத்தை முழுதாகச் சேர்த்துவிட்டாய், பெரிய லைசன்சுக்கு அதைப் பாதியாகத்தான் எடுப்பினமாம், உங்கள் கம்பனியில் கணக்குச் சரிபார்க்கிற மனுசி காட்டித் தந்திருக்கிறா. ஒரு பின்னேரத்துக்குள் முந்நூறு மணித்தியாலம் ஆவியாகப் போய்விட்டது, மொன்றியல் வேலையும் அதோடு போய்விட்டது. அழுது முடித்துவிட்டு, அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கோ என்றாய். அதற்கு மேலே, போனை வைக்க முதல், இங்கே பிளேன் நிற்கிற ஹாங்கரில் ஒருத்தன் முந்நூறு மணித்தியாலத்தைப் பேனையாலேயே ஒரு இரவில் பறக்கலாம், ஆர் பார்க்கப் போகினம் என்று சொல்லுறான் என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மறுமொழி பிறகு சொல்லுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மெட்ரோ ஏறி கோட்-டெ-நெய்ஜில் உன் அப்பா அம்மா வீட்டுக்குப் போனேன். கொப்பர் வேலையால் வந்து குசினி மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், கொம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தா. டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிளேனுக்குள் ஏறி ஆசனம் துடைத்து, பைக்குள் இருக்கிற குப்பை எடுத்து, ஜன்னலில் பிள்ளைகள் வைத்த மூக்கு அடையாளம் அழித்து வருகிற மனுசன், பங்குனியோடு ஓய்வு எடுக்க எழுதிக் கொடுத்திருந்தார். எடுக்க முதல் தான் துடைத்த ஒரு பிளேனின் முன்பக்கத்தில் நீ ஏறி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வாய் திறந்து கேட்ட ஒரே ஆசை, அதையும் எனக்குத்தான் சொன்னவர். ஆகவே நான் வழமையான அலங்காரம் ஒன்றும் இல்லாமல், புயல் இல்லாமல், பனிக்கரடி இல்லாமல், பிள்ளைக்கு முந்நூறு மணித்தியாலம் குறையுது, தை மாதம் வரமாட்டாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறை ஒரு செய்தியை அதன் சொந்த அளவிலேயே சொன்னேன் மகள், நாக்குச் சுளுக்கிவிட்டது.

என்ன நடந்தது தெரியுமோ. ஒருத்தரும் நம்பவில்லை. எங்கள் குடும்பத்தில் அருமைநாதன் சொன்னால் பாதி என்று ஒரு சட்டம் இருக்கிறது. நான் பிடித்த மீன் கதவளவு என்றால் அதை ஜன்னலளவாக்குவார்கள், லவாலில் பஸ்ஸையே பனி மூடியது என்றால் முழங்கால் மட்டும் என்று எடுப்பார்கள். கொம்மா புட்டுக்குழலை இறக்காமலே, முந்நூறு எண்டால் நூற்றைம்பதாய்த்தான் இருக்கும், இவர் வழமையாய்க் கூட்டிச் சொல்லுறவர்தானே என்றா. அன்றிரவே அல்போன்சம்மா அக்காவுக்குப் போன் போனது, அவ தன் பங்குக்கு ஒரு பாதி வெட்டினா. புதன் காலைப் பூசைக்கு நான் போகும்போது நீ இன்னும் ஒரேயொரு பறப்புத்தான் பறக்க வேண்டுமாம், பாதர் என் கையைக் குலுக்குகிறார். உன் அரசாங்கம் இரண்டாவது ஆசனத்தைத்தான் பாதியாக வெட்டுகிறது, என் சொந்தங்கள் என்னை எந்த ஆசனத்தில் இருந்தாலும் வெட்டுகிறார்கள்.

நம்பியது ஒரேயொரு ஆள். கொப்பர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், தம்பி எதையும் கூட்டிச் சொல்லுறவன், ஆனால் பிள்ளையின்ர பெருமையை ஒருநாளும் குறைச்சுச் சொல்லாதவன், குறைச்சுச் சொல்லுறான் எண்டால் அது உண்மை. அப்புறம் என்னிடம் ஒன்று கேட்டார். இரண்டாவது ஆசனத்தில் இருந்தவளும் முழு நேரமும் முழிச்சிருந்தவள்தானே, குளிரில கை விறைக்க வேலை செய்தவள்தானே, பாதியை எடுத்தால் மற்றப் பாதி எங்கை போகும். நான் யோசித்தது வேறொன்று. எஞ்சின் ஓடாமல் நிற்கிற பிளேனுக்குள் இருபத்திரண்டு வருஷம் இருந்த மனுசன், உன் சட்டத்தின்படி அவருடைய மொத்தப் பறப்பு நேரம் பூச்சியம்.

அடுத்த நாள் அவர் வேலையிடத்தில் போய் ஓய்வுக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார். இன்னும் ஒரு வருஷம் துடைக்கிறன், அவள் ஆறுதலாய்ப் பறந்து வரட்டும் என்றாராம். கொம்மா எனக்குப் போன் எடுத்து அழுதா, அப்ப உண்மையாய் முந்நூறோ அருமை என்று. ஓம் என்றேன். அதைப் பாதியாக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை விழா நடக்கத்தான் போகிறது, ஆட்டை இனி உயிர்ப்பிக்கேலாது, நத்தார் விருந்து என்று பெயர் மாற்றியாகிவிட்டது. பதாகையை மட்டும் கொப்பர் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, உடுப்பு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார். அல்போன்சம்மா அக்கா பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தா, திகதி போடாமல் அடித்தது நல்லதாய்ப் போச்சு என்று.

இப்போது அந்தப் பேனைக்காரனுக்கு மறுமொழி. பொய் சொல்ல இந்தக் குடும்பத்தில் ஒரு ஆள் போதும், அந்தப் பதவி காலியில்லை, நான் சாகும் மட்டும் ஓய்வெடுக்கிற எண்ணமும் இல்லை. என் பொய்யை நம்பி ஒருத்தரும் ஆசனப் பட்டி கட்டுகிறதில்லை மகள். உன் கணக்கை நம்பி ஒரு நாள் நூறு பேர் கட்டுவார்கள், அவர்கள் உன்னைப் பாதியாக வெட்டத் தெரியாதவர்கள். அவன் இன்னொருமுறை சொன்னால், எங்கள் சித்தப்பா கடுமையான மனுசன், பனிக்கரடியை வெறுங்கையால் அறைந்தவர் என்று சொல்லு.

ஆனியில் லீவில் வரும்போது எனக்கு ஒரு காரியம் செய். இங்கே பறப்புக் கழகத்தில் ஒரு சின்னப் பிளேனை வாடகைக்கு எடு, காசு நான் தருவேன், இதைப் பாதியாக எடுக்காதே. கொப்பரை உன் பக்கத்தில் இருத்து. இந்த நாட்டுக்கு வந்திறங்கிய நாளுக்குப் பிறகு அவர் ஏறிய பிளேன் ஒன்றுகூட அசைந்ததில்லை. ஜன்னலைத் துடைக்க விடாதே, துடைக்கப் பார்ப்பார். அந்தச் சாமான் தன் பலத்தில் அசையும்போது நேரத்தைப் பார், நின்றதும் பார். அவருடைய பெயரில் ஒரு நிமிஷமும் எழுதேலாது என்று எனக்குத் தெரியும். உன் பெயரில் எழுது. உள்ளதை எழுது, ஒரு தசம்கூடக் கூட்டாதே. அவருடைய இருபத்திரண்டு வருஷத்தின் மற்றப் பாதி எங்கே போனது என்று அவருக்கு விளங்கும்.

தடித்த காலுறை இரண்டு சோடி போடு, வெறும் வயிற்றோடு பறக்காதே, கொப்பருக்கு ஞாயிறு தவறாமல் போன் எடு. மாதாவும் அந்தோனியாரும் உன் இரண்டு செட்டையிலும் ஆளுக்கொரு பக்கம் இருப்பார்களாக.

இப்படிக்கு,
உன்னை முழுதாக நம்புகிற,
பாதியாக நம்பப்படுகிற
சித்தப்பா அருமைநாதன்

மறக்காமல்: மீன் கதவளவுதான்.