கோட்டைத் தொட்ட அம்பு

அன்புள்ள டூரிட்,

உன் தோள்வலி குறைந்ததா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். கெண்ட் நகரக் குளிரிலும் நான் நலமாகவே இருக்கிறேன்.

ஞாயிறன்று இங்கே இளையோருக்கான உள்ளரங்க வில்வித்தைப் போட்டி நடந்தது. அரையிறுதியில் நம் மகள் யோருனும் நான் இங்கே பயிற்சி தரும் லோட்டேயும் மோதினார்கள். யோருனை அழைத்து வந்திருந்தவன், என்னை நம் ஊர் வில்வித்தைச் சங்கத்திலிருந்து விரட்டிவிட்டுப் பயிற்சியாளராக என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அதே ஹால்வோர்தான்.

கடைசி அம்பில் பத்து எடுத்தால் லோட்டேக்கு வெற்றி, ஒன்பது என்றால் தோல்வி. இலக்கருகே போய்ப் பார்த்த லோட்டே, தானே "ஒன்பது" என்று சொல்லிவிட்டாள்.

"இல்ல லோட்டே, பத்தோட கோட்டைத் தொடுது. நடுவரைக் கூப்பிடு" என்றாள் யோருன். நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுப் பத்து என்றார். நம் மகள் தோற்றாள்.

"என்ன, அப்பாவுக்குப் பரிசா குடுத்தியா?" என்று எல்லோர் முன்னும் கத்தினான் ஹால்வோர். "அணியில உன் இடத்தைப் பத்தி யோசிக்கணும்."

"யோசிங்க. கோட்டைத் தொட்டா பத்துதான்" என்றாள் அவள். பிறகு என்னிடம் வந்து, "மார்ச்ல அடுத்த போட்டிக்கு மறுபடி வர்றேம்ப்பா. உங்க ஆளைத் தயார் பண்ணி வைங்க" என்றாள்.

நீ கவலைப்படாதே. அவள் இடத்தில் கைவைத்தால் சங்கத்துக்கு நானே எழுதுவேன். அவனைப் பற்றி எழுத எனக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை.

அவள் வரும்போது என் கம்பளிக் காலுறைகளையும் நம் ஊர்ப் பழுப்புப் பாலாடைக்கட்டியையும் கொடுத்தனுப்பு. சின்னத் துண்டு போதும், தனியாகத்தானே சாப்பிடுகிறேன்.

லோட்டே கதவைத் தட்டுகிறாள், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. யோருனிடம் சொல்: மார்ச்சில் அவள் அப்பா ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்க மாட்டான்.

உன்,
ஸ்வெர்ரே