மாவாட்டினதும் வேலைதானாம்

மச்சான்,

காலையில் அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, போடும் இட்லி வண்டிக்குப் போனேன். முதல் ஈடு இறங்கிய வாசனை வந்ததுமே உன் ஞாபகம்தான். எதிரே டீக்கடை டிவியில் இரண்டு கட்சிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாட்டில் வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டார்களாம். ஒருவர் தன் தலைவருக்கு நன்றி சொல்கிறார், இன்னொருவர் எல்லாம் பொய்க் கணக்கு என்கிறார். போன முறை எண்ணிக்கை கூடியபோது இதே ஆட்கள் வசனத்தை மாற்றிப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ இருந்திருந்தால், "இவனுங்க இன்னா, நம்மளப் பத்தியா பேசிக்கினு கீறானுங்க?" என்று கேட்டிருப்பாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனியை மூடிய பிறகும் யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் ரயிலேறினாயே. கேட் கேட்டாக நின்று வேலை கேட்டாய். வயசாகிவிட்டது என்று வாட்ச்மேன்களே திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் யாருக்கு வேலை இருக்கிறது என்று கவர்மெண்டுக்குக் கணக்கெடுக்க அந்தப் பெண் டேப்லெட்டோடு உன் வீட்டுக்கு வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

"வேலை இல்லம்மா" என்றாய். ஊருக்கெல்லாம் மறைத்ததை அவளிடம் நேராகச் சொன்னாய்.

"போன வாரம் ஒரு மணி நேரமாவது எதனா வேலை செஞ்சீங்களாண்ணா?"

நீ வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள். புருஷனைச் சும்மா இருப்பவன் என்று எழுதிவிடக் கூடாதே! "தினமும் அவருதான் மாவாட்டித் தர்றாரு, வண்டியத் தள்ளிக்கினு வர்றாரு."

முடிந்தது கதை. சம்பளமே இல்லாமல் வீட்டுத் தொழிலுக்குக் கை கொடுத்தாலும் வேலையில் இருப்பவர்தானாம்.

உனக்கு வந்ததே கோபம்! "இன்னாம்மா இது? நான் வேலை இல்லாம கீறேன். அதையாவது ஒழுங்கா எழுதிக்கினு போ."

"ரூல் அப்படிண்ணா" என்றது அந்தப் பெண். பாவம், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு மணி நேரம் கை அசைந்ததா என்றுதான் கேட்கிறார்கள். அதில் வாடகை கட்ட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. டிவியில் கத்துகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

"கவர்மெண்டே வேலை குடுத்துட்ச்சு மாமே, இனிமே இன்னாத்துக்கு அலையணும்" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அப்புறம் நீ ரயிலேறவே இல்லை. மழை தொடங்கியபோது கிரைண்டர் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை.

போன வாரம் அதே பெண் மறுபடியும் வந்தது. "அவரு தவறிட்டாரும்மா" என்றாள் தங்கச்சி. அந்தப் பெண் டேப்லெட்டில் இருந்த உன் பெயரை எடுத்துவிட்டாள். வேலையில் இருப்பவர்களில் ஒருவர் குறைந்தார், மச்சான். வேலையில்லாதவர் கணக்கில் நீ ஒரு நாளும் இருந்ததில்லை.

அடுத்து என் வீடு. அதே கேள்வி.

"மச்சினன் ஆட்டோவை ஒரு நாள் காலைல ஓட்டினேன்மா. ஆனா வேலை இல்லாமத்தான் கீறேன். அதையாவது எழுதிக்கினு போ" என்றேன். நீ சொன்னதுதான். எனக்கென்று நீ விட்டுப்போனது அந்த வார்த்தை ஒன்றுதான்.

அவள் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"அதுக்கு இதுல எடம் இல்லண்ணா" என்றாள்.