ஏரித் திருப்பத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே

பெருங்களத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, வேலாயுதம் எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை அரை மாரத்தானில் நான் முழுத் தூரம் ஓடவில்லை. உங்கள் முட்டிவலியையும் அம்மாவின் சர்க்கரையையும் விசாரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தோரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க எட்டு மாதம் பயிற்சி எடுத்தேன். பீர்க்கன்கரணை ஏரியருகே திரும்பும் இடத்தில், அடையாளமாகக் கையில் ரப்பர் பேண்ட் மாட்டுவார்கள். நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தேன். அரைக் கிலோமீட்டர் முன்பே, எதிரே வந்தவர்களோடு சேர்ந்து திரும்பிவிட்டேன்; போகவர ஒரு கிலோமீட்டர் மிச்சம். மளிகைப் பொட்டலத்துக்குப் போடும் ரப்பர் பேண்ட் என் மணிக்கட்டில் எப்போதும் கிடக்குமே, முடிவில் அதைப் பார்த்துத்தான் மெடல் போட்டார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

தெருமுனையில் நீங்கள் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்திருப்பதைத் தங்கச்சி படமெடுத்து அனுப்பினாள். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்றே அதைக் கழற்றிவிடுங்கள் அப்பா. அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிட எதுவும் பிடிக்கவில்லை.

ஓட்டம் நடத்தும் ஜோஷ்வாவிடம் நேற்று நேரில் போய் ஒப்புக்கொண்டேன். “இன்னாண்ணா, கடையில ஒரு கிராம் வுட மாட்ட, இங்க முழுசா ஒரு கிலோமீட்டர முழுங்கிட்டியே!” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மூன்று வருஷத் தடை என்றான், பேசி இரண்டாக்கினேன். லோடு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். மெடலைத் திருப்பித் தர வேண்டும். பட்டியலில் என் பெயர் இருக்காது. இரண்டு வருஷமும் ஏரித் திருப்பத்தில், வருகிறவர்களுக்கு ரப்பர் பேண்ட் மாட்டியபடி, கடைசி ஆள் திரும்பும்வரை நான் நிற்க வேண்டும்.

வேலாயுதம்