டெம்பரரி என்று நீ சொன்ன நாலு வருஷம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், உன் மகள் வாலுவும் நலம். நீயும் மருமகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதனால் இன்றைக்கு அதைக் கேட்கப் போவதில்லை. போனில் பேசினால் ‘மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுவாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். முழுசாகப் படி.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் வாலுவிடம் ஒரு ஃபாரம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் இல்லையா, நானே எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் டீச்சர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பார்த்தால், டெம்பரரி அட்ரஸ் என்ற கட்டத்தில் நம் வீட்டுக் கதவு எண், தெரு எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கிறாள், பெர்மனென்ட் அட்ரஸ் கட்டம் வெறுமனே கிடக்கிறது. ஏன் எழுதவில்லை என்று அதட்டினேன். ‘இங்க நான் டெம்பரரியாத்தான் இருக்கேன்னு அப்பா போன்ல சொல்றாரே தாத்தா, பெர்மனென்ட் எங்கேன்னு இன்னும் சொல்லலையே’ என்றாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த வார்த்தையை என்னிடமா கொண்டுவந்து விற்கிறாய்? முப்பது வருஷமாகக் குழாய் ரிப்பேர் செய்கிறவன் நான். ‘டெம்பரரியா ஏதாவது சுத்தி விட்டுட்டுப் போங்க, அப்புறமா மாத்திக்கலாம்’ என்று சொன்ன வீட்டுக்காரர் ஒருவராவது தானாக மறுபடி கூப்பிட்டதுண்டா? ரப்பர் சுற்றிய இடம் பிய்த்துக்கொண்டு கூடமெல்லாம் தண்ணீர் நின்றால்தான் என் ஞாபகம் வரும். எதிர் வீட்டுக்காரர் ஆபீசில் பதினோரு வருஷமாக டெம்பரரி கிளார்க். தெருமுனைச் சாக்கடை மேல் போட்ட பலகையும் டெம்பரரிதான், அது மக்கியே போயிற்று. பலகைக்கு மனசு கிடையாது, போகட்டும். பெற்ற பிள்ளையை அந்த வரிசையில் சேர்க்க உனக்கு எப்படி வாய் வந்தது? ‘ரெண்டே மாசம்பா, வீடு கிடைச்சதும் கூட்டிக்கறோம்’ என்றாய். அப்போது அவளுக்கு நாலு வயசு. இப்போது எட்டு.

என் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. ரெண்டு மாசம்தானே என்று நானும் அவளுக்கு ஒரு கட்டில் வாங்கவில்லை, தரையில்தான் மெத்தை. வரும்போது கொண்டுவந்த பையில்தான் இன்றுவரை அவள் துணிமணி இருந்தது. அலமாரியில் வைடி என்று உன் அம்மா எத்தனை தடவை சொன்னாலும், ‘போகும்போது மறுபடி எடுத்து வைக்கணுமே பாட்டி’ என்பாள். சமர்த்து என்று நாங்களும் சிரித்துவிட்டு இருந்தோம். இன்று காலை அலமாரியில் உன் தட்டைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன். உன் சட்டைகள் மூட்டையாகப் பரண்மேல் கிடக்கின்றன. டெம்பரரியாகத்தான், கோபித்துக்கொள்ளாதே.

பிழைக்கப் போனதை நான் குறை சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போகிற தேதியைச் சொல், இல்லை முடியாது என்று சொல், இரண்டில் ஒன்றை அவளிடமே சொல். மாதக் கடைசிக்குள் ஃபாரத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் அந்தக் கட்டத்தில் நம் வீட்டு விலாசத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அப்புறம் நீ வந்து அழித்து எழுதச் சொன்னால் நடக்காது.

எத்தனை கோபம் இருந்தாலும் வாழ்த்தாமல் கடிதத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள் உன் அம்மா. இன்னும் ஒன்று. துணியைத் தட்டில் அடுக்கிய பிறகு அந்தப் பழைய பையைத் தூக்கிப் போடப் போனேன், ஜிப்பு கூடப் போய்விட்டது. வாலு விடவில்லை. அப்பா வரும்போது வேணும் என்று தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா